பொய்க்குளவி

நல்ல பேரின் விலை இருநூற்று நாற்பது ரூபாய். பேரம் கிடையாது, ரொக்கம்.

சிவராஜின் கடையில் அரைக்கிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு வறுவல் பொட்டலத்தில் ஒட்டியிருந்த விலை அது. வியாழக்கிழமை சாயங்காலம் அதைக் கையில் எடுத்த ரூமா தத்தா, பொட்டலத்தின் மேல் ஆரஞ்சும் நீலமுமாக ஒரு குளவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏ மா! போல்தா! போல்தா!" என்று அலறிக் கல்லாவின் மேல் வீசினாள். போல்தா என்றால் வங்காளத்தில் குளவி. அலறிய வாய் மூடுவதற்குள் மறு கை போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டது. பிறகு காசைத் திருப்பி வாங்கி, இரண்டு தரம் எண்ணி, பர்ஸில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் நாற்பத்தொரு வருஷத்து நல்ல பேரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

கடை பவானிபூரில், மெட்ரோவிலிருந்து இரண்டு சந்து தள்ளி. முன்னால் கடை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஒரு ஆள் குறுக்கே படுத்தால் கால் இடிக்கிற அகலத்தில் கொல்லை, மாடியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சிவராஜின் அப்பா அப்பளமும் காப்பித்தூளும் வைத்து ஆரம்பித்தது. இப்போது வறுவல், முறுக்கு, இட்லி மாவு. காலை எட்டு முதல் பத்து வரை சுடச்சுட இட்லி. சிவராஜ் கல்லாவில், அவர் பெண்டாட்டி காமு அடுப்பில். ஆபீஸ் போகிற வங்காளி பாபுக்கள் காமுவின் தேங்காய்ச் சட்னியைத் தின்பதற்கு ஒரு சாக்காக இட்லி வாங்கினார்கள்.

வருஷம் பூராவும் விற்பது வயிற்றுக்குச் சரியாகப் போகும். துர்கா பூஜையின் ஐந்து நாள், சந்து முனைப் பந்தலில் போடுகிற தோசைக் கடைதான் மிச்சம் பிடிக்கிற வியாபாரம். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடம் இவர்களுக்கு. பந்தலில் சாப்பாட்டுக் கடைக்கு இடம் ஒதுக்குகிற பொறுப்பு கமிட்டியில் யாருக்கு என்றால், இதே ரூமா தத்தாவுக்கு. இந்த வருஷம் டாலிகஞ்சிலிருந்து ஒரு மோமோக்காரன் வேறு அந்த இடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வைப்பதற்குள் படம் தெரு வாட்ஸப் குழுவில் ஏறிவிட்டது. மறுநாள் காலை ஆறே ஆறு தட்டு இட்லி.

"அந்த ஆறுலயும் ஒருத்தன் போன் இல்லாதவன்," என்றார் சிவராஜ், பாத்திரத்தில் மிஞ்சிக் கிடந்த இட்லியைப் பார்த்தபடி. "மீதிப் பேரு இன்னும் போனத் தொறக்காதவன். நாளைக்கு அவனும் தொறந்துருவான்."

"குளவி எங்கனதான் இல்ல? காளிகாட்டு மிட்டாய்க் கடைல போயிப் பாக்கச் சொல்லுங்க. ஈயும் குளவியும் மொய்க்குது."

"அது அவன் ஊரு. அவன் கடைல மொய்ச்சா ருசி. நம்ம கடைல மொய்ச்சா அசிங்கம்."

உலகத்தில் அவளுக்கு ஆகாதது ஒன்று உண்டு என்றால் அது பூச்சி. அரிசியில் வண்டு கண்டால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. பல்லி விழுந்த பாத்திரத்தைத் தேய்த்து வைக்காமல் பழைய சாமான் வாங்குகிற கவாடிக்காரனிடம் போட்டுவிடுவாள். அவளுடைய சமையலறையில் பூச்சி என்று ஊரே பேசுவது, கட்டின சேலை முதுகில் கிழிந்திருக்க அது தெரியாமல் பஸ்ஸில் போய்வந்த மாதிரி இருந்தது.

பத்தரை மணிக்கு இன்னொன்று வந்தது. அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, இறக்கையை விரித்துக்கொண்டு, யாருக்கும் பயமில்லாத தோரணையில் நடந்தது. உயரத்திலிருந்து ஒரு பல்லி இறங்கி வந்து லபக்கென்று கவ்வியது; கவ்விய வேகத்திலேயே துப்பிவிட்டு, வாயைச் சுவரில் தேய்த்தது. கரப்பான் தின்கிற வாய்க்கே ஆகவில்லை என்றால் அது என்ன சரக்கு? காமு மாவுச் சல்லடையை எடுத்து அதன் மேல் கவிழ்த்தாள். கவிழ்த்த உடனே, அந்தச் சல்லடை இனி உதவாது என்று கணக்கில் எழுதிக்கொண்டாள்.

மகள் ஹம்சினியைக் கூப்பிட்டாள். காலேஜில் கடைசி வருஷம். வங்காளத்தைச் சொந்த வீடு மாதிரியும் தமிழை வாடகை வீடு மாதிரியும் பேசுகிற பெண். சல்லடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து, போனில் பத்துப் படம் எடுத்து, பூச்சி பார்க்கிற ஏதோ குழுவுக்கு அனுப்பினாள். தோசை திருப்புகிற நேரத்தில் பதில் வந்துவிட்டது.

"மா, இது போல்தாவே இல்ல. மாத். லைட்டச் சுத்தி வருமே, அந்த ஜாதி."

"விட்டிலா?"

"ஹான், விட்டில். குளவி மாதிரி டிரெஸ் பண்ணிட்டு இருக்கு. இடுப்பப் பாரு. குளவிக்கு இடுப்பு நூல் மாதிரி இருக்கும். இதுக்கு அப்பா மாதிரி."

"என் இடுப்ப எதுக்குட்டி இழுக்க?" என்றார் சிவராஜ் கல்லாவிலிருந்து.

"மீசையப் பாரு, சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கு, நுனி மட்டும் வெள்ள. தொட்டா கைல பவுடர் ஒட்டும். கொட்டாது மா, கொடுக்கே கெடயாது. பேரு யூக்ரோமியா பாலிமினா. பகல்லதான் பறக்குமாம். விஷச் சத்து இருக்கதால பல்லி, காக்கா ஒண்ணும் தின்னாது."

சிவராஜ் எழுந்து வந்து பார்த்தார். நீல வளையம், சிவப்பு வளையம், கறுப்பு இறக்கையில் ஆரஞ்சுத் திட்டு. முகத்தில் ஒரு தொழில்முறை மரியாதை தெரிந்தது.

"டூப்ளிகேட்டு," என்றார். "சரக்கு ஒண்ணும் கெடயாது, வெறும் லேபிள்தான். பொழைக்கத் தெரிஞ்ச சவம்."

அன்று மத்தியானமே ஹம்சினி ரூமா தத்தாவின் வீட்டு மாடி ஏறினாள். அரை மணியில் அவள் பின்னாலேயே ரூமாதி இறங்கி வந்தாள்; தெருவுக்கே அவள் அக்கா, வங்காளத்தில் தீதி. அறுபது வயது, பருத்திப் புடவை, முந்தானையால் மூக்கை மூடியபடி கடை வாசலுக்கு வெளியே நின்றே பேசினாள்.

"போன் சொல்லுச்சாம்! என் போன் நான் லாட்டரில ஜெயிச்சதா தெனமும் சொல்லுது. நம்பிடவா?"

"ரூமாதி, இது பூச்சி படிச்சவங்க சொன்னது," என்றாள் காமு. முப்பது வருஷத்து வங்காளம் அவளுக்குத் தடுக்காமல் வரும்.

"படிச்சவங்க உன் சமையலறையப் பாத்தாங்களா? குளவின்னா அது வெளிய இருந்து வரும், கூடு கட்டும், கலைச்சுடலாம். விட்டில்னா புழுவுல இருந்து வரணும். அப்போ புழு எங்க இருக்கு, சொல்லு?"

கேள்வியில் நியாயம் இருந்தது. வழக்கில் ஜெயிக்கப் போய் வேறு வழக்கில் மாட்டுவது என்றால் இதுதான்.

கொல்லையில் இருந்தது. வறுவலுக்கு மூட்டையாக வாங்கும் கிழங்கில் முளைவிட்டதை எறிய மனமில்லாமல் சிவராஜ் இரண்டு வருஷத்துக்கு முன் கொல்லையில் புதைத்து வைத்தார். மழையில் அது கொடியோடிச் சுவரேறி, சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. காசு கொடுக்காத பச்சை என்பதால் யாரும் வெட்டவில்லை. சிவராஜுக்கு அதைக் காட்டுவதிலே பெருமை வேறு.

காமு ஒரு இலையைத் திருப்பினாள். அடியில் சிவந்த தலையோடு ஒரு புழு. உடம்பெல்லாம் குச்சம் குச்சமாக மயிர், பழைய பல் துலக்கும் பிரஷை ஈரத்தில் போட்டு அழுக வைத்த மாதிரி. இன்னொரு இலை: இரண்டு. சுவரைப் பார்த்தாள். சுவர் மெதுவாக நகர்ந்தது. மழைநீரும் சாக்கடையும் பாசியும் சேர்ந்த நாற்றத்தில், நூறு வாய் இலையை அறுக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நிஜமாகக் கேட்டதா, பயத்தில் கேட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. வாசலில் முந்தானையை இன்னும் கீழே இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள் ரூமாதி.

"இருக்கு," என்றாள் காமு திரும்பி வந்து. "கொல்லைக் கொடில. சமையலறைக்கு வெளிய."

"அது இதுவா மாறும்னு நான் எப்படி நம்புறது?"

"நான் காட்டுதேன்," என்றாள் காமு. அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. ஹம்சினி வங்காளத்தில் சொன்னாள்.

ஒப்பந்தம் அங்கேயே ஆயிற்று. புழுவைப் பாட்டிலில் போட்டு வளர்ப்பது. கூடு கட்டியதும் ரூமாதி வந்து பாட்டிலுக்கு சீல் வைப்பாள். வெளியிலிருந்து பிடித்து உள்ளே போட்டுவிடக் கூடாதல்லவா? கமிட்டி கூடுவது மூன்றாவது ஞாயிறு. அதற்குள் கூட்டிலிருந்து அதே பூச்சி வந்தால் படத்தை அழிப்பாள், குழுவில் எழுதுவாள், பந்தல் இடம் சிவராஜுக்கு. வராவிட்டால் மோமோ. அதுவரை பாட்டிலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்களேன் என்று சிவராஜ் கேட்டதற்கு ரூமாதி, "சீ சீ!" என்று இரண்டு படி பின்னால் போனாள்.

ஊறுகாய் பாட்டில் ஒன்று காலியானது. ஹம்சினி ஒரு குச்சியால் ஒன்பது புழுக்களை எடுத்துப் போட்டாள். வாயில் மெல்லிய துணி கட்டி, சமையலறையில் ஆகவே ஆகாது என்று காமு சொன்னதால் மாடிப்படித் திருப்பத்தில் வைத்தார்கள். காலேஜ் போகிறவள் இலை போட முடியாது. கல்லாவை விட்டு சிவராஜ் நகர மாட்டார். ஆக, பூச்சி என்றால் சோறு இறங்காதவள் தலையில் ஒன்பது பிள்ளைகளை வளர்க்கிற வேலை விழுந்தது.

சனிக்கிழமை இட்லியே போடவில்லை. மத்தியானம் இலை மாற்றப் போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை அவிழ்த்தாள். பாட்டிலுக்குள் காய்ந்த இலையும் ஈரமும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. அடியில் கறுப்பாக, சின்னச் சின்னதாக, உருண்டை உருண்டையாக ஏதோ கிடந்தது.

கடுகு. பாட்டிலுக்குள் யார் கடுகைப் போட்டது?

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காம்பில் தொங்கிய புழு ஒன்று பின்பக்கத்தைத் தூக்கியது. ஒரு கடுகு விழுந்தது.

காமு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நாளைக்கு முன்னால், திங்கட்கிழமை காலை, ஜன்னலுக்கு அடியில் இருக்கும் சாமான் பலகையில் ஒரு கை கடுகு சிந்திக் கிடந்தது. கொடியின் நுனி கம்பி வழியாக உள்ளே வந்து பலகைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் கண்டாள், கண்டுகொள்ளவில்லை. கடை வீட்டில் சிந்தியதை யாரும் குப்பையில் போடுவதில்லை. கையின் விளிம்பால் கூட்டி, உள்ளங்கையில் வாங்கி, ஊதி, கடுகு டப்பாவிலேயே திருப்பிப் போட்டாள். மறுநாளிலிருந்து சட்னிக்குத் தாளித்தது அந்த டப்பாவிலிருந்துதான்.

இறங்கி ஓடி டப்பாவைத் தட்டில் கவிழ்த்தாள். நகத்தால் ஒன்றை நசுக்கினாள்: உள்ளே மஞ்சள், கடுகு. இன்னொன்று: மஞ்சள். மூன்றாவது நசுங்கவில்லை, பொடிந்தது. பச்சைப் பொடி. கூர்ந்து பார்த்தால் அதன் மேல் வரி வரியாகக் கோடு.

கொல்லைச் சாக்கடைக்குப் போவதற்குள் வந்துவிட்டது. தொண்டையில் காந்தலெடுக்க, இரண்டு கையையும் பாசிச் சுவரில் ஊன்றிக்கொண்டு வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது முகத்துக்கு நேரே ஒரு புழு இலையின் விளிம்பை வரிசை தவறாமல் தின்றுகொண்டிருந்தது. மறுபடியும் குனிந்தாள்.

சிவராஜ் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்தார். தட்டைக் காட்டினாள். சொன்னாள். அவர் ஒரு உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"இதா?"

"அத கைல எடுக்காதிய! கீழ போடுங்க!"

"நாலு நாளு தாளிச்சிருக்க. ஒருத்தனுக்கு வயிறு கடமுடன்னுச்சா?"

"அது இல்லங்க பேச்சு."

"வேற என்ன பேச்சு? அது என்னத்தத் தின்னுது? இல. கறியா தின்னுது, மீனா தின்னுது? சைவம். தின்னது இல, போட்டதும் இல. எண்ணெயில வேற பொரிஞ்சிருக்கு. வீட்டுல சாணி போட்டு மொழுகுதோம்லா?"

"மொழுகுதோம். சட்னியில போடுதோமா?"

நியாயம் தீர்ந்த இடத்தில் குரலை உயர்த்துவது அவர் வழக்கம்.

"ஏட்டி, அந்தப் பொம்பள குளவின்னு சொன்னதுக்கே ஆறு தட்டுல நிக்கோம். இதச் சொன்னா கடைப் பூட்டக்கூட யாரும் தொட மாட்டான். உனக்கு, எனக்கு. அதோட முடிஞ்சுது. ஹம்சினிக்குக்கூடத் தெரியக் கூடாது, அது குழுவுல போட்டு யாரு பீயின்னு கேக்கும்."

"புதன்கெழம நீங்க தொட்டுத் தொட்டு நக்குனியளே."

"நல்லாருந்துச்சு," என்றார் சிவராஜ், உண்மையை மறைக்க முடியாமல்.

காமு டப்பாவோடு சாக்கடையில் கொட்டினாள். பலகையைச் சோப்பும் வெந்நீரும் விட்டு மூன்று தரம் தேய்த்தாள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாள். கொடியை அன்றே வேரோடு பிடுங்கியிருப்பாள். ஆனால் பாட்டிலுக்கு இலை வேண்டும். அதனால் சுவர் நகர்வதை இன்னும் நாலு நாள் பொறுத்துக்கொண்டாள். ஒவ்வொரு மத்தியானமும் மாடிப்படித் திருப்பத்தில் நின்று, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய இலையை எடுத்துப் புது இலை போட்டாள். இரண்டு புழுக்கள் செத்துக் கறுத்து, தொட்டால் தண்ணீராக ஒழுகின. ஸ்பூனால் எடுத்து எறிந்தாள், ஸ்பூனையும் எறிந்தாள்.

மற்ற ஏழும் செவ்வாய், புதனில் தின்பதை நிறுத்தின. தன் மயிரைத் தானே பிடுங்கி, எச்சில் நூலில் கோத்துச் சுற்றிலும் ஒரு கூடு பின்னிக்கொண்டன. அடைத்துக்கொண்ட சாக்கடை வலையிலிருந்து எடுக்கிற தலைமுடி உருண்டை அசப்பில் அப்படித்தான் இருக்கும். புதன் சாயங்காலம் ரூமாதி வந்தாள். முந்தானை மூக்கில். எண்ணினாள்: ஏழு. துணியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக செலோடேப் ஒட்டி, ஒவ்வொரு ஒட்டின் மேலும் பால்பாயிண்டில் கையெழுத்துப் போட்டாள். பாங்க் லாக்கருக்குக்கூட அத்தனை கையெழுத்து கிடையாது. அவள் போன மறுநிமிஷம் காமு அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கொடியை அடியோடு அறுத்து, மூன்று சாக்கில் கட்டிக் கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்றினாள்.

பதினோரு நாள் காத்திருந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. காலை இட்லி பத்துத் தட்டு, பன்னிரண்டு தட்டு என்று நொண்டியது. காமு சட்னிக்குத் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். "என்ன பௌதி, கடுகு விலை ஏறிப்போச்சா?" என்று அண்ணி முறை வைத்து ஒரு பழைய வாடிக்கைக்காரர் கேட்டார். "முந்தி மாதிரி மணம் இல்லையே." அவள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரூமாதி வந்தபோது பாட்டிலுக்குள் ஐந்து உட்கார்ந்திருந்தன. நீலம், சிவப்பு, ஆரஞ்சு. ஒரு குறையுமில்லாத குளவிகள். ஆறாவது அப்போதுதான் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. கசங்கிய ஈரத் துணி மாதிரி இறக்கை, பின்பக்கத்திலிருந்து துருப்பிடித்த தண்ணீர் ஒரு சொட்டு. மெல்ல ஏறித் துணியைப் பிடித்துத் தொங்க, இறக்கை இஸ்திரி போட்டது போல விரிந்தது. ஹம்சினி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பே வந்தவற்றில் இரண்டு வாலோடு வால் ஒட்டி, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் துணியின் உள்பக்கம் வெளிறிய முட்டைகள் ஜவ்வரிசி மாதிரி ஒட்டியிருந்தன. ஜவ்வரிசியும் போயிற்று என்று காமு நினைத்தாள்.

"சீ சீ," என்றாள் ரூமாதி. ஆனால் முந்தானை இறங்கிவிட்டது. சீல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் அவள் கையெழுத்தே. "போல்தா இல்ல. சத்தியமா இல்ல. புழுவா இருந்தது இப்படி ஆகுதே, என்ன வேஷம் பாரேன்! காமு, என்ன மன்னிச்சுக்கோ. உன்ன நான் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது."

"பரவால்ல தீதி, பரவால்ல," என்று சிவராஜ் ஹிந்தியில் குறுக்கே விழுந்தார். "உக்காருங்க. ரெண்டு இட்லி சாப்பிடுங்க."

ரூமாதி போனை எடுத்தாள். குழுவைத் திறந்தாள். எழுத ஆரம்பித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும் நீ வாயால சொல்லிடு. நாளைக்கு அந்த மோமோக்காரன் ஆளு யாராவது கேப்பான். இந்தப் புழு சம்பந்தமா எதுவும் உன் சாப்பாட்டுல விழலியே? நீ இல்லன்னு சொல்லு. உன் பேருல எழுதிடறேன்."

ஹம்சினியின் போன் பாட்டிலிலிருந்து மெல்ல அம்மாவின் முகத்துக்குத் திரும்பியது. சிவராஜ் இருமினார். சுத்தமான இருமல், சளி ஒன்றும் இல்லை.

காமு ரூமாதியின் வாயைப் பார்த்தாள். வெற்றிலைக் கறை படிந்த, பல் இடுக்கு தெரிகிற வாய். அந்தக் கடுகு தாளித்த செவ்வாய்க்கிழமை இரண்டு கிண்ணம் சட்னி கேட்டு வாங்கிப்போன வாய். வியாழன் காலையும் இரண்டு. இந்த அம்மாள் மன்னிப்பு வேறு கேட்டுவிட்டாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். சொன்னால் கடை போகும், பந்தல் போகும், மகள் இந்தச் சந்தில் நடந்து போக முடியாது. சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. அதுதான் அவளுக்குக் குமட்டியது.

"நா," என்றாள். வங்காளத்தில் 'இல்லை'க்கு அவ்வளவுதான் வேண்டும். வாயை முழுசாகத் திறக்கக்கூட வேண்டாம்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது!" என்று ரூமாதி எழுதி அனுப்பினாள். ஹம்சினியின் படமும் பின்னாலேயே போனது. பத்து நிமிஷத்தில் குழுவில் கைதட்டலும் பூவுமாக வந்து விழுந்தது. பந்தல் இடம் சிவராஜுக்கு. ரூமாதி உட்கார்ந்து நாலு இட்லி தின்றாள்; கிண்ணத்தை விரலால் வழித்து, "தாளிப்பு இல்லயே, அத மறுபடி போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிவராஜ் பாட்டிலை வாசலுக்கு எடுத்துப்போய்த் துணியைக் கிழித்தார். ஆறும் ஒவ்வொன்றாகக் கிளம்பி, யாரும் கிட்ட வராத தைரியத்தில் வெயிலில் போயின.

காமு நாள்காட்டித் தாளின் முதுகில் கணக்கு எழுத உட்கார்ந்தாள்.

பாட்டிலில் போட்ட புழு ஒன்பது. செத்தது இரண்டு. கூடு ஏழு. வெளியே வந்தது ஆறு. வராதது ஒன்று.

கீழே கோடு போட்டாள். செவ்வாய் சட்னி நாற்பத்தொன்று. புதன் முப்பத்தெட்டு. வியாழன் நாற்பத்துநாலு. வெள்ளி ஆறு. கூட்டினால் நூற்று இருபத்தொன்பது கிண்ணம். வீட்டில் மூன்று பேர் தின்றது தனி; அதைத் தள்ளுபடி செய்தாள். உண்மையை யாரிடம் சொன்னது என்ற இடத்தில் புருஷன் பேரை எழுதி, அது செல்லாது என்று அடித்தாள்.

வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று விலைப்பட்டியலைப் பார்த்தாள். காசு இட்லிக்கு. சட்னி எப்போதுமே சும்மாதான் கொடுப்பது. வரவு பூஜ்யம் என்று எழுதினாள். பாக்கி நூற்று இருபத்தொன்பது.